ஊர் பேர் பழவேற்காடு... உரிமை யாருக்கு?

மலேசியாவில் ஆண்கள் வீட்டில் கட்டிக்கொள்ளும் கட்டம் போட்ட கைலிக்கு ‘கைன் பெலிகாட்’ என்று பெயர். மலாய் மொழியில் ‘கைன்’ என்றால் துணி. ‘பெலிகாட்’ என்பது ஒரு ஊர். திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் பழவேற்காடுதான் அது. இலங்கையிலும் ‘பளையகாட்’ சாரம் என்றால் துணிக்கடைக்காரருக்குத் தெரியும்.

இவ்வளவு தூரம் போன பெயருக்குச் சொந்தமான ஊரில் இன்று கைலி வியாபாரம் ஏதும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று வரிசையாக இருக்கும் கிராமங்களில் இறாலும் நண்டும் மடவையும்தான் பிழைப்பு. பழவேற்காட்டின் வீடுகளில் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். ‘பெலிகாட்’ என்ற பெயரில் வெளிநாட்டில் விற்கும் ஒரு கைலிக்குக்கூட இந்த ஊருக்கு ஒரு ரூபாய் வருவதில்லை.

பெயர் போய்விட்டது. எப்படிப் போனது, இனிமேல் போகாமல் இருக்க என்ன செய்வது என்று தெரிந்துகொள்வது பழவேற்காட்டுக்கு மட்டுமல்ல, ஊறுகாய், கருவாடு, மரச்செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி என்று சொந்தப் பெயர் போட்டு விற்கத் தொடங்கியிருக்கும் எல்லாக் குழுக்களுக்கும் அவசியம்.

துணியோடு கடல் கடந்த பெயர்

1610 வாக்கில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் காலூன்றினார்கள். 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்குப் பழவேற்காடுதான் தலைமை ஊர். அவர்கள் தேடி வந்தது துணிக்காக. இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அங்கே உள்ளவர்கள் கேட்டது நம் கரையின் பருத்தித் துணியை. சுற்றுப்பட்டுத் தறிகளில் நெய்த துணி பழவேற்காட்டில் கப்பலேறியது. ஏறிய துறைமுகத்தின் பெயரே துணிக்கும் பெயரானது.

கட்டம் போட்ட கைக்குட்டைத் துணியும் இப்படியே போனது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரைச் சுற்றியுள்ள நெசவாளர்கள் அதே மாதிரித் துணியைத் தாங்களே நெய்து, ‘புல்லிகேட்’ என்ற பெயரிலேயே விற்றார்கள். மெக்சிகோ நாட்டில் கழுத்தில் கட்டும் கைக்குட்டைக்கு ‘பாலியாகாத்தே’ என்று பெயர். அதுவும் நம் ஊர்ப் பெயரிலிருந்து வந்ததே என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு, அந்நாட்டுப் பழங்குடி மொழிச் சொல் என்பவர்களும் உண்டு.

கிளாஸ்கோ நெசவாளரைத் தடுக்க அன்று எந்தச் சட்டமும் இல்லை. கேட்கவும் ஆள் இல்லை. காலப்போக்கில் அந்தப் பெயர் ஒரு ஊரைக் குறிப்பதை விட்டு, ஒரு வகைத் துணியைக் குறிக்கும் பொதுச் சொல் ஆகிவிட்டது. பெயருக்கு நேரக்கூடிய பெரிய நஷ்டம் இதுதான். கள்ளப் பெயரைக் கோர்ட்டில் தடுக்கலாம். பொதுச் சொல்லாகிப் போனதைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம்.

ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வேலி

வணிகக் குறி, அதாவது டிரேட் மார்க், நிலப் பட்டா மாதிரி. ஒரு நாட்டில் பதிவு செய்தால் அந்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். சென்னையில் பதிந்த பெயர் சிங்கப்பூரில் தானாகச் செல்லாது. இது பொது விதி.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மிகப் புகழ்பெற்ற பெயராக இருந்தால், அந்த நாட்டில் பதிவு இல்லாவிட்டாலும் பிறர் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பாரிஸ் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் 1925-ல் இந்த விதி சேர்க்கப்பட்டது. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது இந்தப் பாதுகாப்பு இன்னும் விரிந்தது. இந்தியா 1998 டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கையில் சேர்ந்தது. நம் வணிகக் குறிகள் சட்டம், 1999, இந்த விதியை ஏற்று, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது.

விதி இருந்தாலும் ‘புகழ்’ என்பதை நிரூபிக்க வேண்டும். இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

முதலாவது, அமெரிக்காவின் ‘வேர்ல்பூல்’ துணி துவைக்கும் இயந்திரம். இந்தியாவில் அந்தப் பெயருக்கு இருந்த பதிவு, புதுப்பிக்காததால் 1977-ல் காலாவதியாகிவிட்டது. 1986-ல் இந்தியாவில் வேறு சிலர் அதே பெயரைக் கேட்டு விண்ணப்பித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இங்கே பெரிய அளவில் விற்பனை இல்லாவிட்டாலும், இந்தியாவில் படிக்கப்படும் வெளிநாட்டுப் பத்திரிகைகளின் விளம்பரங்கள் வழியாக அந்தப் பெயர் இங்கும் தெரிந்திருந்தது என்ற அடிப்படையில் 1996-ல் அமெரிக்க கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

இரண்டாவது, டொயோட்டாவின் ‘பிரியஸ்’ கார். 1997-ல் ஜப்பானில் அறிமுகமாகி உலகப் புகழ் பெற்றது. இந்தியாவில் கார் உதிரிப் பொருள் செய்யும் ஒரு கம்பெனி 2001 முதல் அதே பெயரைப் பயன்படுத்தி, 2002-ல் பதிவும் செய்துகொண்டது. டொயோட்டா 2009-ல்தான் வழக்குப் போட்டது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தியக் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. 2001-ல் இந்தியாவில் இந்தப் பெயருக்கு மதிப்பு இருந்தது என்பதற்கு டொயோட்டாவால் போதிய சான்று காட்ட முடியவில்லை. வெளிநாட்டில் இருந்த புகழ் மட்டும் போதவில்லை.

உலகின் பெரிய கார் கம்பெனிக்கே இந்த நிலை என்றால், ஒரு மகளிர் குழுவுக்குப் பாடம் தெளிவு. பெயர் நல்லது என்பது வேறு. அது நம்முடையது என்று எழுத்தில் காட்டுவது வேறு.

பிறர் புகழைத் தொடாமல் இருப்பது

இதே சட்டம் நம்மையும் கட்டும். சில இடங்களில் சின்னக் குழுக்கள், விளம்பரத்தில் பார்த்த பெரிய கம்பெனியின் பெயரை ஓரெழுத்து மாற்றித் தங்கள் பாக்கெட்டில் போட்டுவிடுகின்றன. ‘அவர்கள் செய்வது சோப்பு, நாம் செய்வது ஊறுகாய், என்ன ஆகும்?’ என்று நினைக்கிறார்கள். சாதாரணப் பெயர் என்றால் அது ஓரளவு சரி. நன்கறியப்பட்ட வணிகக் குறி என்று சட்டம் ஏற்றுக்கொண்ட பெயருக்கு, பொருள் வேறாக இருந்தாலும் பாதுகாப்பு உண்டு. ‘பென்ஸ்’ என்ற பெயரில் உள்ளாடை விற்ற ஒரு இந்திய நிறுவனத்தை தில்லி உயர் நீதிமன்றம் தடுத்தது. கார் வேறு, உள்ளாடை வேறு என்ற வாதம் எடுபடவில்லை. அச்சடித்த ஆயிரம் கவரையும் கொளுத்த வேண்டி வந்தால் நஷ்டம் குழுவுக்குத்தான். சொந்தமாக ஒரு பெயரைத் தேடிக்கொள்வதே நல்லது.

ஊர்ப் பெயருக்குத் தனிச் சட்டம்

‘பழவேற்காடு இறால்’ என்று ஒருவர் மட்டும் வணிகக் குறி பதிய முடியுமா? பொதுவாக முடியாது. பொருள் கிடைக்கும் இடத்தை மட்டும் குறிக்கும் சொல்லை ஒருவருக்கே எழுதிக் கொடுக்கச் சட்டம் சம்மதிப்பதில்லை. ஊர்ப் பெயர் ஊருக்கே சொந்தம். அதற்காக வந்ததுதான் புவிசார் குறியீட்டுச் சட்டம், 1999. இதுவும் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது.

டார்ஜிலிங் தேயிலைதான் இந்தியாவில் இதில் முதலில் பதிவானது. தமிழ்நாட்டில் மதுரை மல்லி 2013-லும், பழனி பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-லும், மணப்பாறை முறுக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாயும் 2023-லும் பதிவாகின.

ஒரு பொருளின் தரமோ சிறப்போ அந்த இடத்தின் மண், நீர், காற்று, அல்லது அங்குள்ளவர்களின் கைப்பழக்கத்தால் வந்தது என்று காட்டினால் புவிசார் குறியீடு கிடைக்கும். தனி ஆள் கேட்க முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ, அவர்கள் நலனைப் பார்க்கும் அமைப்போ கேட்க வேண்டும். கிடைத்த பெயரை விற்கவோ, அடகு வைக்கவோ, வேறு ஆளுக்கு எழுதிக் கொடுக்கவோ முடியாது. பொய்யாக அந்தப் பெயரைப் போட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

வெளிநாடு என்று வரும்போது உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தில் இரண்டு விதிகளை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சொந்த நாட்டில் பாதுகாப்பு இல்லாத ஊர்ப் பெயரை மற்ற நாடு பாதுகாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு, ஒரு நாட்டில் அந்தப் பெயர் பொருளின் பொதுப் பெயராகவே மாறிவிட்டால், அங்கேயும் பாதுகாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘பெலிகாட்’ மலாய் நாட்டில் இரண்டாவது விதியில் சிக்கிக்கொண்டது. மற்றப் பெயர்கள் முதல் விதியில் சிக்காமல் பார்ப்பது நம் கையில் இருக்கிறது.

இலங்கை காட்டும் வழி

1972-ல் சிலோன் என்ற நாட்டின் பெயரே ஸ்ரீலங்கா என்று மாறியது. ஆனாலும் தேயிலைப் பெட்டியில் ‘சிலோன் டீ’ என்ற பெயர் மாறவில்லை. அங்குள்ள தேயிலை வாரியம் வாளேந்திய சிங்கச் சின்னத்தைத் தன் பெயரில் பல நாடுகளில் பதிந்து வைத்திருக்கிறது. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பாக்கெட் போட்டால் மட்டுமே அந்தச் சிங்கத்தைப் போடலாம். கலப்படம் செய்தால் சின்னம் கிடையாது. 2022-ல் ‘சிலோன் சினமன்’ என்ற இலவங்கப்பட்டைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது.

பழவேற்காட்டிலிருந்து போன பெயருக்கும் சிலோன் என்ற பெயருக்கும் புகழில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றுக்குக் காவல் இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை.

பெயருக்கும் ஒரு ‘பாடு’ வேண்டும்

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இதை விளக்கப் பெரிய சட்டப் புத்தகம் தேவையில்லை. ஏரியில் ‘பாடு’ முறை இருக்கிறது. இறால் நன்றாகப் படும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் கூடி, சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தீர்மானிக்கும் பழைய வழக்கம் அது. ஏரி தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. அதற்காக யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வலை போட முடியாது. யாருக்கு உரிமை, என்ன வலை, எந்த இடம் என்பதெல்லாம் கட்டுப்பாடு.

ஊர்ப் பெயரும் ஏரி மாதிரிதான். புவிசார் குறியீடு என்பது பெயருக்கு வைக்கும் பாடு. எந்த எல்லைக்குள் பிடித்த இறால், எந்த இன நண்டு, எந்த ஊர்க் கையால் முடைந்த பெட்டி என்று முதலில் ஊரே எழுத வேண்டும். குளத்தில் வளர்த்த வன்னாமி இறாலை ஏரி இறால் என்று சொல்லி விற்கும் வியாபாரியைக் கேட்க வேண்டுமானால், ஏரி இறால் எது என்று நமக்குள் ஒரு வரையறை இருக்க வேண்டும். நம் ஆட்களே கலந்து விற்றால் எந்தச் சட்டமும் உதவாது.

பனை ஓலை வேலைக்கு இது இன்னும் எளிது. பழவேற்காட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குருத்தோலையைக் காயவைத்து, சாயமேற்றி முடையும் பெட்டிகளுக்கு வாங்குபவர்களிடம் ஏற்கனவே பெயர் இருக்கிறது. பழைய மாதிரிகள், கூட்டுறவுச் சங்கத்துக் கணக்குகள், கண்காட்சிச் சான்றுகள், போட்டோக்கள் எல்லாமே நாளைக்குச் சாட்சி. வீட்டில் கரையான் அரிக்க விடாமல் ஒரு பெட்டியில் பத்திரப்படுத்துவது முதல் வேலை.

குழுக்கள் செய்ய வேண்டியவை

1. பெயர் தேர்வு: ஊர்ப் பெயரையோ, ‘சுத்தமான’, ‘நயம்’ போன்ற தரச் சொல்லையோ மட்டும் நம்பாமல், வேறு எவரும் வைக்காத தனிப் பெயரும் படமும் வேண்டும். அதனுடன் ஊர்ப் பெயரை முகவரியாகச் சேர்க்கலாம்.

2. தேடிப் பார்ப்பது: மத்திய அரசின் அறிவுசார் சொத்துரிமை இணையதளத்தில் அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். கவர் அச்சடிக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

3. வகுப்பு: பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கருவாடு, பதப்படுத்திய மீன் 29-ஆம் வகுப்பு. உயிர் நண்டு, காய்கறி, பழம் 31. அரிசி, மாவு, மசாலா 30. தவறான வகுப்பில் பதிந்தால் பயன் இல்லை.

4. கட்டணம்: தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் இணைய வழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்; மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். சிறு தொழில் சலுகைக்கு உத்யம் பதிவுச் சான்று வேண்டும்.

5. காத்திருப்பு: பரிசீலனை முடிந்து வணிகக் குறி இதழில் வெளியான பிறகு, 4 மாதத்துக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு வராவிட்டால் பதிவு. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேர்ல்பூல் புதுப்பிக்காமல் விட்டதால் அலைந்த கதை நினைவில் இருக்கட்டும்.

6. வெளிநாடு: இங்கே விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் வெளிநாட்டிலும் விண்ணப்பித்தால், இங்கே விண்ணப்பித்த தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கேட்கலாம். மாட்ரிட் நெறிமுறை என்ற ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம். இந்தியா 2013 முதல் இதில் உறுப்பினர். சிங்கப்பூர், இந்தோனேசியா, மலேசியா ஆகியவையும் உறுப்பினர்கள். முதல் 5 ஆண்டுக்குள் இங்குள்ள பதிவு விழுந்தால் அதை நம்பி வாங்கிய வெளிநாட்டுப் பதிவும் விழும். எனவே வீட்டு அஸ்திவாரம் முதலில் பலமாக இருக்க வேண்டும். செலவு அதிகம் என்பதால், உண்மையில் பொருள் போகும் நாட்டை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது.

7. சங்கமாகச் சேருவது: பல கிராமத்துக் குழுக்கள் ஒரே பெயரில் விற்க விரும்பினால், ‘கூட்டுக் குறி’ என்று சங்கத்தின் பெயரில் பதியலாம். யார் பயன்படுத்தலாம், என்ன தரம் என்ற விதிமுறையையும் சேர்த்துத் தர வேண்டும்.

புவிசார் குறியீட்டுப் பதிவகம் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான். அது சென்னை கிண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. வணிகக் குறிப் பதிவகத்தின் சென்னை அலுவலகமும் அதே வளாகத்தில்தான். டார்ஜிலிங்காரர்களும் காஷ்மீர்காரர்களும் நாட்டின் மறுகோடியிலிருந்து அணுகும் அலுவலகம், பழவேற்காட்டிலிருந்து புறப்பட்டால் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கிறது. புவிசார் குறியீட்டுக்கு ஆவணம் தயாரிக்க நபார்டு வங்கியும், மதுரை வேளாண் கல்லூரியில் உள்ள வேளாண் வணிக ஊக்குவிப்பு மையமும் பல குழுக்களுக்கு உதவியிருக்கின்றன.

வாசகர் கேள்விகள்

உணவுப் பாதுகாப்பு உரிமம் வாங்கியிருக்கிறோம். பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதா?
இல்லை. அந்த உரிமம் உணவு விற்க அனுமதி மட்டுமே. உற்பத்தியாளர் கம்பெனியாகப் பதிவு செய்ததும், ஜி.எஸ்.டி. எண் வாங்கியதும்கூடப் பெயருக்கு வணிகக் குறி உரிமை தராது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பத்து வருடமாக ஒரு பெயரில் விற்கிறோம், பதியவில்லை. போன வருடம் வேறொருவர் அதே பெயரைப் பதிந்துவிட்டார். எங்கள் நிலை?
அவருக்கு முன்பிருந்தே தொடர்ந்து விற்றீர்கள் என்று காட்டினால் உங்கள் விற்பனையை அவர் தடுக்க முடியாது. அவர் பதிவை நீக்கவும் கேட்கலாம். பில், பழைய கவர், அச்சகத்தின் ரசீது, வங்கிக் கணக்கு எல்லாம் சாட்சி. தேதியுள்ள எந்தத் தாளையும் தூக்கிப் போடக் கூடாது. தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பார்க்கவும்.

கவரில் வட்டத்துக்குள் ‘ஆர்’ போடலாமா?
பதிவுச் சான்று கைக்கு வந்த பிறகுதான். அதுவரை ‘டி.எம்.’ என்று மட்டும் போடலாம். பதியாமலே ‘ஆர்’ போடுவது தண்டத்துக்கு உரியது.

பெயரைப் பதிந்து வைத்துவிட்டு, சில வருடம் கழித்து விற்பனை ஆரம்பிக்கலாமா?
பதிவு செய்த பிறகு 5 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாத பெயரை நீக்கும்படி மற்றவர் கேட்க முடியும். தரிசாகக் கிடக்கும் நிலத்தில் வேலி மட்டும் போதாது, உழ வேண்டும்.

எங்கள் ஊர்ப் பொருளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. நான் உடனே அந்தப் பெயரைப் போடலாமா?
சங்கத்துக்குக் கிடைத்தது பொதுப் பதிவு. ஒவ்வொரு உற்பத்தியாளரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்’ என்று தம் பெயரையும் பதிந்துகொள்ள வேண்டும். பல ஊர்களில் இந்த இரண்டாவது படியை மறந்துவிடுவதால்தான், குறியீடு கிடைத்தும் விலை ஏறவில்லை என்ற வருத்தம் வருகிறது.

கைலியின் பெயர் போனது போனதுதான். ஏரியும் இறாலும் பனையும் இன்னும் இருக்கின்றன. அடுத்த கிராமக் கூட்டத்தில் வலை, படகு, டீசல் பேச்சோடு பெயரைப் பற்றியும் அரை மணி நேரம் பேசி, பழைய தாள்களைச் சேர்க்க இரண்டு பேரை நியமித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.